2024–25 செயலாளர் ஆண்டறிக்கை: தண்ணீர் போகும் பாதையும் தீவின் வரைபடமும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் செய்த வேலைகளை இங்கே வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தெருவிளக்கு, குப்பை, ரேஷன் கடை எல்லாவற்றுக்கும் வழக்கம்போல மனு கொடுத்தோம். சில நடந்தன, சில நடக்கவில்லை. விவரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. மிச்ச நேரத்தை ஒரே விஷயத்துக்குக் கேட்கிறேன். இந்த ராமேஸ்வரம் தீவில் எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள், அதனால் நம் வீட்டுக்கும் கிணற்றுக்கும் கடலுக்கும் என்ன வந்து சேர்கிறது என்பதுதான் அது.

நவம்பர் 20-ஆம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பாம்பனில் 3 மணி நேரத்தில் மட்டும் 19 சென்டிமீட்டர் கொட்டியது. அவ்வளவு மழை எங்கே பெய்தாலும் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். ஆனால் மழை விட்டு மூன்றாம் நாளும் நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஏன் நின்றது? கூப்பிடு தூரத்தில் கடல் இருக்கிறது, காலுக்குக் கீழே மணல் இருக்கிறது. போக வழியில்லாமல்தான் நின்றது.

அன்றைக்கு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தோம். இறைத்த தண்ணீர் சுற்றிக்கொண்டு திரும்ப அதே தெருவுக்கே வந்தது. அப்போது திண்ணையில் உட்கார்ந்திருந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர், எண்பது வயதுப் பாட்டி, கையை நீட்டிக் காட்டினார். "அந்தச் செவுரு நிக்குதுல்ல, அதுதாம்ப்பா தண்ணி போற பாதை. ரெண்டு மணல்மேட்டுக்கும் நடுவுல பள்ளமா கெடக்கும். மழைக்கு அதுலதான் ஓடி கடல்ல விழும்." அவர் காட்டிய இடத்தில் இப்போது தங்கும் விடுதிக்காகக் கிராவல் அடித்து மேடாக்கி, சுற்றுச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவரை ஒட்டியே மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் வெட்டினோம். மாலையில் தண்ணீர் மெல்ல நகர ஆரம்பித்தது. மறுநாள் காலையில் தரை தெரிந்தது.

பிறகு அந்த இடத்துக்குப் புலப்படம், அதாவது சர்வே எண்ணுக்கான நில வரைபடம், வாங்கிப் பார்த்தோம். அதில் ஓடை என்று ஒரு கோடுகூட இல்லை. முழுக்கப் பட்டா நிலம். கட்டியவர் முறையாக அனுமதி வாங்கித்தான் கட்டியிருக்கிறார், அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அனுமதி கொடுத்தவர்கள் அந்த ஒரு மனையைப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த மனையை வேறொரு நாள் பார்த்தார்கள். இரண்டு மேட்டுக்கும் நடுவே தண்ணீர் ஓடுவதை எந்த நாளிலும் யாரும் பார்க்கவில்லை.

கிணற்று விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். நம் தீவு முக்கால்வாசி மணலும் பழைய பவளப்பாறைக் கல்லும்தான். பெய்கிற மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேலே அரை அடி குறைந்தால் கீழே உப்பு 20 அடி ஏறிவிடும். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே கையால் மணலைப் பறித்து, ஊறும் தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு குடத்தில் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊற்றைக் காப்பது பக்கத்தில் இருக்கும் மணல்மேடு. மேட்டைச் சமன் செய்து சிமென்ட் போட்டால் மழை இறங்க இடமில்லை. அப்புறம் அதே இடத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு நாள் முழுக்க உறிஞ்சினால் உப்பு ஏறும். கழிவுநீர்த் தொட்டிக்கு அடித்தளம் போடாமல் விட்டால் மலத்தண்ணீரும் அதே மணலில்தான் இறங்கும். பக்கத்து வீட்டுக் கிணறு இருக்கும் மணலும் அதுதான்.

விதி இல்லையா என்று கேட்கலாம். 1991, 2011, 2019 என்று மூன்று முறை கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்திருக்கிறது. மணல்மேடு, அலையாத்திக் காடு, பவளப்பாறை, கடல்புல், ஆமை முட்டையிடும் கரை எல்லாவற்றையும் முதல் வகையில் வைத்துத் தொடக்கூடாது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மேடு எது என்பது வரைபடத்தில் இருந்தால்தானே அந்தப் பாதுகாப்பு? மாநில அளவிலான வரைபடம் 25,000-க்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. அதாவது தாளில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். மக்கள் நெருக்கமாக வாழும் ஊராட்சிகளில் கட்டக்கூடாத பகுதியை 2019 அறிவிக்கை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. அந்த 50 மீட்டர் தாளில் 2 மில்லிமீட்டர். நம் பள்ளம் அந்தத் தாளில் பென்சில் கோட்டுக்குள் மறைந்துவிடும்.

இன்னொன்று. நகராட்சி எல்லைக்குள் ஒரு வகை விதி. தங்கச்சிமடம், பாம்பன் போன்ற ஊராட்சிகளில் வேறு வகை. மணலுக்குள் நிற்கும் தண்ணீருக்கு நகராட்சி எல்லை தெரியாது. பெரிய நிலப்பரப்பில் ஒரு இடம் கெட்டால் உள்ளே தள்ளிப் போகலாம். இங்கே உள்ளே தள்ளிப் போனால் மறுபக்கத்துக் கடல் வந்துவிடும்.

கடலைப் பற்றி. மன்னார் வளைகுடாவில் 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்தார்கள். அதில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. சுற்றியிருந்த பவளப்பாறையை சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தது அதற்குப் பெரிய காரணம். பார், அதாவது அந்தக் கடலடிப் பவளப்பாறைத் திட்டு, போனதும் அலை நேராகக் கரையில் மோதியது. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டிய நிலை வந்தது. நம் தீவு அந்த 21-ல் சேராது. ஆனால் இங்கே கொட்டும் மண்ணும் கழிவும் போய்ச் சேரும் இடம் அந்தப் பார்தான். கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காது. வெளிச்சம் இல்லாமல் பவளமும் வாழாது, கடல்புல்லும் வாழாது. முன்பு தெளிவாகத் தெரிந்த கடல் தரை இப்போது மழைக்குப் பிறகு பல நாள் தெரிவதில்லை என்று பாசி எடுக்கப் போகும் நம் பெண்கள் கூட்டத்தில் சொன்னதைக் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன்.

தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் என்ன செய்தது என்று இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூறு பேருக்கு மேல் இருந்த ரயில் அப்படியே போனது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவித்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு அதே மணலில் தினமும் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. ராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. டயர் ஏறினால் இரண்டும் பட்டுப்போகும். இந்த அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கும்போது, ஜூன் 5 அன்று, தனுஷ்கோடியில் பூநாரைகளுக்குச் சுமார் 524 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். மனதார வரவேற்கிறோம். ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறந்துவிட்டது. வருகிற கூட்டம் இனிக் கூடத்தான் செய்யும்.

சங்கத்துக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். கரையோரம் நிலம் வைத்திருக்கும் உறுப்பினர்கள், "எல்லாரும் லாட்ஜ் கட்டி முடிச்சாச்சு, எங்களை மட்டும் ஏன் நிறுத்தறீங்க" என்று ஜனவரிக் கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிள்ளை படிப்புக்கும் கல்யாணத்துக்கும் அந்த நிலத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆகவே கட்டவே கூடாது என்று நாம் தீர்மானம் போடவில்லை. மேடு, பள்ளம், நல்ல தண்ணீர்க் கிணறு, வலை காயப்போடும் இடம், படகு ஏற்றும் கரை இவற்றைச் சர்வே எண்ணோடு வரைபடத்தில் குறித்த பிறகே புதிய மனைப்பிரிவுக்கு அனுமதி தர வேண்டும், தீவு முழுவதற்கும் ஒரே திட்டமாகப் போட வேண்டும் என்றுதான் மனு கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று நாமே குறிக்கத் தொடங்கியிருக்கிறோம். கிழக்குப் பகுதி முடிந்தது. வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு மேற்குப் பக்கம் நடக்கிறோம். புலப்பட நகல் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். வீட்டுப் பெரியவர்களில் நடக்க முடிந்தவர்களைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்