கழிமுகத்துக்கு நீர் விடும் முறை

ஆசிரியருக்கு,

ஆற்றுநீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்ற புலம்பல் குறைந்து, அந்த நீர் கழிமுகத்துக்கும் தேவை என்று பலர் பேசத் தொடங்கியிருப்பது மனநிறைவு தருகிறது. ஆனால் மதகைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஒரே கால்வாயில் வெள்ளமாக வந்து விழும் நன்னீர் எடை குறைவு என்பதால் மேலே படரும். உவர்நீர் அடியில் தேங்கும். இரண்டும் கலக்காமல் நின்றால் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். நீந்தி விலக முடியாத சிப்பிகள் தம் ஓடுகளை மூடிக்கொண்டு சில நாள் தாங்கும். கோடையில் வாரக்கணக்கில் உப்பு குறைந்தே கிடந்தால் மடியும். வெள்ளம் வடிந்ததும் உப்பு மறுபடி ஏறிவிடும். அதே நீரை மாதக்கணக்கில் சதுப்பின்மேல் பரப்பிக் கசியவிட்டால், நன்னீரிலிருந்து உவர்நீருக்குப் படிப்படியான மாற்றம் நிலைக்கும். மீன்குஞ்சுகள் வளர்வது அந்த இடைப்பட்ட நீரில்தான்.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் பிஸ்கேன் விரிகுடா நல்ல பாடம். கடலோரமாகச் செல்லும் எல்-31இ என்ற கரையும் கால்வாயும் அலையாத்திச் சதுப்புக்குப் பரவலாகப் போய்க்கொண்டிருந்த நன்னீரை மறித்தன. நீர் சில கால்வாய் வாய்களில் மட்டும் கொட்டியது. இப்போது அந்தக் கரையில் குழாய் மதகுகள் அமைத்து நீரைப் பிரித்து விடுகிறார்கள். அதே விரிகுடா ஓரத்திலுள்ள டீரிங் எஸ்டேட் என்ற இடத்தில் 2012 முதல் விநாடிக்கு 100 கன அடி திறனுள்ள பம்பு நிலையம் இருக்கிறது. பம்பு எதற்கு? கால்வாய் மட்டம் சதுப்பின் மட்டத்தைவிட உயர்ந்திருந்தால்தான் குழாயில் நீர் தானாகப் பாயும். ஊருக்குள் வெள்ளம் வராமலிருக்கக் கால்வாயைத் தாழ்த்தி வைத்தால் அந்த உயரம் கிடைக்காது.

பெரும்பாலும் கோட்டைவிடுவது மட்ட அளவையில். சதுப்பில் சரிவு மிகக் குறைவு. பத்து சென்டிமீட்டர் மேடு, பழைய வண்டித்தடம் ஒன்று போதும், நீர் திசைமாறிப் போக. பழைய வடிகால் வெட்டுகளை ஆங்காங்கே மண்ணிட்டு அடைக்காவிட்டால், விடும் நீரெல்லாம் அவற்றில் இறங்கி நேரே கடலுக்குப் போய்விடும்.

வயல்நீரை அப்படியே விடவும் கூடாது. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில், உரத்திலிருந்து நீரில் சேரும் பாஸ்பரஸுக்கு வைத்திருக்கும் வரம்பு நூறு கோடியில் 10 பங்கு. அதற்காகவே நீரை முதலில் செயற்கைச் சதுப்புகளில் தேக்கி வடிகட்டுகிறார்கள்.

எனவே எந்தத் திட்ட அறிக்கையிலும் மொத்தக் கன அடியோடு மாதவாரி நீர் அட்டவணையும், கோடைக்கான குறைந்தபட்ச அளவும் இருக்க வேண்டும். உப்பை மேல்மட்டத்திலும் அடிமட்டத்திலும் தனித்தனியே அளக்க வேண்டும். நீர் விடுவதற்கு ஓராண்டு முன்பே அளவீட்டைத் தொடங்கினால்தான் பிறகு ஒப்பிட முடியும்.

- நீர்வளப் பொறியாளர் ஒருவர்