பேரு போட முடியாதவங்களுக்கு ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் என்னோட பிஎச்டி வைவா முடிஞ்சுது. தீசிஸ்ல நன்றி சொல்ற பக்கத்துல கைடு மேடம், கமிட்டி சாருங்க, லேப் ஆளுங்க, வீட்டாளுங்க எல்லார் பேரும் போட்டாச்சு, ஆனா யாரு ரத்தம் குடுத்ததால இந்த வேலையே நடந்துச்சோ அவங்கள்ல ஒருத்தர் பேரு கூட அதுல இல்ல. போடவும் கூடாது. எத்திக்ஸ் கமிட்டி விதி அப்படி, அது சரியான விதிதான், ஒருத்தரோட மரபணு விவரம் அவங்க பேரோட சேர்ந்து வெளிய போயிரக் கூடாது. அதனால 214 பேரும் அதுல வெறும் நம்பராத்தான் இருக்காங்க. இது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதான் இங்க எழுதுறேன்.

டிபி ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வராம இருக்குறதுல எச்எல்ஏங்கிற ஜீன்களோட பங்கு என்னன்னுதான் நான் பாத்தேன். ஆறாவது குரோமோசோம்ல இருக்கு, மனுச ஜீன்கள்லயே ஆளுக்கு ஆள் ரொம்ப மாறுறது இதுங்கதான், இன்னிக்கு வரைக்கும் 30,000க்கு மேல வகை பதிவாகியிருக்கு. செல்லுக்குள்ள வைரஸ் பூந்துட்டா அதோட புரதத்துல ஒரு துண்ட எடுத்து செல்லுக்கு வெளிய தூக்கிக் காட்டுறது எச்எல்ஏவோட வேலை, அதப் பாத்துட்டுதான் நோயோட சண்டை போடுற டி செல் வந்து அடிக்கும். ஒவ்வொரு வகை எச்எல்ஏவுக்கும் சில துண்டுதான் பிடிபடும், மத்தது நழுவிரும். அம்மாகிட்ட ஒரு செட்டு அப்பாகிட்ட ஒரு செட்டு வாங்குறோம்ல, அது ரெண்டும் வேற வேறயா இருந்தா கூடுதல் கிருமி மாட்டும்னு டோஹர்ட்டி, சிங்கர்நாகல்ங்கிற ரெண்டு விஞ்ஞானிங்க 1975லயே சொன்னாங்க. டி செல் எச்எல்ஏவ சேத்துப் பாத்துதான் கிருமிய அடையாளம் புடிக்குதுன்னு கண்டுபுடிச்சதுக்கு அவங்களுக்கு 1996ல நோபல் கெடச்சுது.

மதுரைக்கு இது புதுசு இல்ல. காமராசர் பல்கலைக்கழகத்துல பிச்சப்பன் சார் பல வருசமா நம்ம ஊர் ஜனங்களோட எச்எல்ஏவ படிச்சவரு, காசநோய்க்கும் (டிபிக்கும்) டிஆர்2ங்கிற எச்எல்ஏ வகைக்கும் தொடர்பு இருக்குன்னு அவரு குழு காட்டியிருக்கு. ஆப்பிரிக்காவுல இருந்து கெளம்புன பழைய கூட்டத்தோட எம்130ங்கிற மரபணு அடையாளத்த மதுரைப் பக்கம் ஜோதிமாணிக்கம்ங்கிற ஊருல பாத்ததும் அவரு பங்கெடுத்த ஆய்வுலதான். அவங்க போட்ட பாதையிலதான் நான் நடந்தேன்.

ஆனா ரத்தம் கேட்டு ஊருக்குள்ள போய் நின்னப்ப இதெல்லாம் ஒன்னும் கை குடுக்கல. மொத நாள் யாருமே கை நீட்டல. ஒரு அப்பத்தா நேராவே கேட்டாங்க, "ஏத்தா, ரத்தத்த எடுத்துட்டுப் போயி வித்துருவீகளாமே?" எனக்கு தொண்டை அடச்சிருச்சு. அந்த ஊரு நர்ஸம்மாதான் என்னைய திண்ணையில உக்கார வச்சு, படிவத்த வாசிக்காத, என்ன செய்யப் போறன்னு உன் வாயால சொல்லுன்னாங்க. சொன்னேன். ஒரே வீட்டுல ஒருத்தருக்கு டிபி வருது, பக்கத்துல படுக்குறவுகளுக்கு வரல, அதுல உடம்போட பங்கு என்னன்னு பாக்குறோம் அப்பத்தான்னு. அவங்க ரொம்ப நேரம் பேசல. அவங்க வீட்டுக்காரரு அந்த நோவுலதான் போனாராம். அப்பறம் சேலைய ஒதுக்கிட்டு அவங்கதான் மொதல்ல கைய நீட்டுனாங்க, அவங்களப் பாத்துட்டு அந்தத் தெருவே வந்துச்சு. ஆளுக்கு 5 மி.லி. காட்டு வேலைக்குப் போகணும்னு விடியக்காலம் 5 மணிக்கே வந்து நின்னவங்க, அன்னிக்கு கூலியில பாதிய விட்டவங்க, எனக்கு காப்பி போட்டுக் குடுத்தவங்க, உங்க எல்லாருக்கும் நன்றி. அப்பத்தா, உங்க நம்பர் எனக்கு மட்டும் தெரியும், அந்த நம்பர ஷீட்ல பாக்குறப்பல்லாம் அந்தத் திண்ணைதான் கண்ணுக்குள்ள வரும்.

அடுத்து லேப் டெக்னீசியன் அண்ணன். மூணாவது வருசம் ஒரு ராத்திரி கரண்ட் போயி ஜெனரேட்டரும் ஓடல, ரத்த சாம்பிள் வச்சிருந்த மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் கத்த ஆரம்பிச்சிருச்சு. அண்ணன் வீட்டுல இருந்து டூவீலர்ல வந்து, டிரை ஐஸ் எங்கெங்கயோ சொல்லி வாங்கி, விடியிறவரைக்கும் தெர்மாகோல் பெட்டியில ஒவ்வொரு டியூபா அடுக்குனாரு. ஒன்னு கூட உருகல. அது வெறும் டியூபு இல்ல, அந்த ஊரு எங்கிட்ட நம்பிக் குடுத்தது, அத அவருதான் காப்பாத்துனாரு. டப்பா டப்பாவா பிப்பெட் டிப் அடுக்கி ஆட்டோகிளேவ்ல நீராவியில கிருமி நீக்கிக் குடுத்த அக்காவுக்கும் இதே அளவு நன்றி, அவங்க இல்லன்னா டிஎன்ஏவ நகலெடுக்குற பிசிஆர் ஒன்னு கூட ஒழுங்கா வந்திருக்காது.

கைடு மேடத்துக்கு ஒரு விசயத்துக்காக தனியா சொல்லணும். முதல் டிராஃப்ட்ல ஒரு எச்எல்ஏ வகைய 'பலவீனமான ஜீன்'னு எழுதியிருந்தேன். மேடம் செவப்புப் பேனாவுல அடிச்சுட்டு, பி27ங்கிற எச்எல்ஏ வகையப் பத்தி படிச்சுட்டு வான்னாங்க. பி27 இருக்குறவங்களுக்கு முதுகுத்தண்டு இறுகுற வாதம் வர வாய்ப்பு அதிகம், ஆனா அதே பி27 எச்ஐவி முத்துறத தாமதப்படுத்தும். அப்ப அது நல்லதா கெட்டதா? எந்தக் கிருமி, எந்தக் காலம்னு கேக்காம பதில் சொல்லவே முடியாது. ஒரு ஊர் ஜனத்தோட ஜீன மட்டமா எழுதிட்டா அது பேப்பரோட நிக்காது, அந்த ஜனங்க மேலயே ஒட்டிக்கும்னு மேடம் சொன்னத நான் எந்த லேபுக்குப் போனாலும் மறக்க மாட்டேன்.

ஃபெல்லோஷிப் பணம் ஏழு மாசம் வராம நின்னப்ப மெஸ் காசு கட்டுன ரூம்மேட்டுக்கும், கணக்குப் போட உதவுற ஆர்ங்கிற கம்ப்யூட்டர் மொழிய ராத்திரி ராத்திரியா சொல்லிக் குடுத்த ஜூனியர் தம்பிக்கும், எப்ப முடியும்னு ஒரு தடவ கூட கேக்காத அப்பாவுக்கும் நன்றி.

நர்ஸம்மாகிட்ட பேசிட்டேன். பொங்கல் கழிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை ஊர் மந்தைக்கு வரேன், கண்டுபுடிச்சத தமிழ்ல சார்ட்டுல எழுதிக் கொண்டு வரேன். யாரு பேரும் அதுல இருக்காது, அப்பத்தா முன்னாடி வந்து உக்காருங்க, மொதல்ல உங்களுக்குத்தான் வாசிச்சுக் காட்டணும்.