செயலாளர் ஆண்டறிக்கை 2023–24

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தூத்துக்குடியின் பழைய வாழ்வைப் பதிந்து வைக்கும் நம் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் டிசம்பர், ஜனவரி தவிர ஒழுங்காக நடந்தன. மக்ரூன் வைத்த கூட்டங்களுக்கு வந்தவர்கள் அதிகம் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

டிசம்பர் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. தூத்துக்குடித் தெருக்களில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். நம் அறையின் கீழ் அலமாரியில் இருந்த பழைய புகைப்படங்களும் தோணிக்காரர்களின் பேச்சைப் பதிந்த ஒலிநாடாக்களும் போய்விட்டன. மேல் தட்டில் வைக்கச் சொன்னவர் பொருளாளர். கீழே வைத்தவன் நான்.

போனதை மறுபடி சேர்ப்பதிலேயே ஜனவரிக்குப் பிறகான நேரம் கழிந்தது. தோணியை நடத்திச் செல்லும் தண்டல்கள் மூன்று பேரைத் தேடிப் போனோம். ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவருக்குக் காது கேட்கவில்லை. ஆனால் கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுகளின் பெயரைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதும் ஒவ்வொன்றுக்கும் பாயை எப்படித் திருப்புவது என்று கையாலேயே விளக்கினார். மூன்றாமவர் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போனவர். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும் அவருக்குத் தெரியும். பாடச் சொன்னால், கையில் கயிறு இல்லாமல் வாயில் பாட்டு வராது என்றார். வீட்டில் கிடந்த கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தோம். அப்புறம் 40 நிமிடம் நிறுத்தவில்லை.

2022-ல் நெய்தல் கலைவிழா இங்கே பெரிதாக நடந்தபோது, இனி நம் வட்டம் எதற்கு என்று உறுப்பினர்களே சிலர் கேட்டார்கள். விழாவுக்குக் கூடிய கூட்டத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான். உப்பளமும் அனல்மின் நிலையமும் மட்டும்தான் தூத்துக்குடி என்று நினைத்தவர்கள் நினைப்பை அது மாற்றியது. ஆனால் அந்தக் கயிற்றுப் பாட்டுக்கு மேடை தோதுப்படாது. அதற்கு யாராவது வீடு தேடித்தான் போக வேண்டும்.

ஆகஸ்டில், மாதா கோயில் தேரோட்டம் முடிந்த அடுத்த ஞாயிறு, பனிமய மாதா பேராலயத்திலிருந்து பழைய துறைமுகம் வரை நடந்தோம். கோயில் கட்டடம் 1713-ஆம் ஆண்டினது. ஊரை டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது 1658-ல். அதாவது புராட்டஸ்டன்ட் டச்சுக்காரர்களின் ஆட்சியின்போது எழுந்த கத்தோலிக்கக் கோயில் இது. இது எப்படி நடந்தது என்று ஒரு மாணவி கேட்க, அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டோம். வழியில் காரை உதிர்ந்த பழைய சுவர்களில் பவளக்கல் தெரிந்தது. மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் மூழ்கியதற்குப் பவளப்பாறையை வெட்டியதும் ஒரு காரணம் என்றதும் பேச்சு நின்றது. அதே மாணவிதான், ரயிலுக்கு முத்துநகர் என்று பேர் இருக்கிறதே, முத்து எங்கே என்றும் கேட்டாள். கடைசி முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961-ல் முடிந்துவிட்டது. சரி, மாலைக் கூட்டத்துக்கு ஒரு தலைப்பு கிடைத்தது.

பிப்ரவரி 27 அன்று, வ.உ.சி. முன்னின்று நடத்திய கோரல் மில் (இங்கிருந்த நூற்பாலை) வேலைநிறுத்தத்தை நினைவுகூர்ந்தோம். 1908-ல் அதே தேதியில் தொடங்கி, ஒன்பது நாளில் கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றுத் தந்த போராட்டம். வ.உ.சி. என்றதும் 1906-ல் தொடங்கிய கப்பல் கம்பெனியையும் செக்கையும் சொல்வோம். மில் தொழிலாளர்களைச் சொல்ல மறந்துவிடுவோம். இந்த முறை பேச்சாளரை அழைக்காமல், ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்களையே பேசவிட்டோம். வ.உ.சி.யை எதிர்த்துப் பேசிய வக்கீலுக்குப் பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துபோன நாவிதர் கதையை ஒருவர் தன் தாத்தா சொன்னபடி சொன்னார். மைக் வேலை செய்யவில்லை. யாரும் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

நடக்காததும் உண்டு. பழைய மில் ஆவணங்களைப் பார்க்க அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினோம், பதில் இல்லை. நான்காவதும் எழுதியாகிவிட்டது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். புதிய பதிவுகளின் நகல்கள் மூன்று உறுப்பினர்கள் வீட்டில், மூன்றுமே மாடியில் இருக்கின்றன. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்