இணையத்தில் உயில் எழுதித் தரும் நிறுவனங்களுக்கு: லேமினேட் செய்த ஓர் உயில் பற்றி

வணக்கம்.

என் பெரியப்பா உங்களில் யாரிடம் பணம் கட்டினார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அவர் போனபின் நான் திறந்து பார்த்த பக்கங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன. அதனால் இது எல்லோருக்குமான கடிதம்.

பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியம்மா இறந்தபின் திருமங்கலம் வீட்டில் அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் பெரியம்மாவின் தங்கை மகள். சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய அந்த வீட்டை அவளுக்கு எழுதிவைக்க வேண்டும் என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். சொன்னதோடு நிற்காமல், போனில் உட்கார்ந்து விவரங்களை நிரப்பி, ஆதார் ஓடிபியைத் தட்டி, பச்சை டிக் வந்ததும் "முடிச்சுட்டேன்" என்றார். மின்னஞ்சலில் ஒன்பது பக்க பிடிஎஃப் வந்தது. மேலே வாழ்த்து, கீழே "உங்கள் உயில் தயார்".

அவர் அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தார். முக்கியமான காகிதமாயிற்றே, நனைந்துவிடக் கூடாது என்று ஒன்பது பக்கத்தையும் லேமினேட் செய்து பீரோவில் வைத்தார். காரியம் முடிந்த மறுநாள் பீரோவைத் திறந்தோம். கடைசிப் பக்கத்தில் உயில் எழுதுபவருக்கு ஒரு கோடு, சாட்சிகளுக்கு இரண்டு கோடு. மூன்றும் காலி. அதன்மேல் பளபளவென்று பிளாஸ்டிக். அதற்குப்பின் அவரே நினைத்திருந்தாலும் அதில் பேனா ஓடியிருக்காது.

"வக்கீல் வேண்டாம்" என்று நீங்கள் விளம்பரம் செய்வதில் எனக்குச் சண்டையே இல்லை. அது உண்மைதான். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்பது ரொம்பக் கொஞ்சம். எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். அதை நேரில் பார்த்தவர்கள், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் வாயால் கேட்டவர்கள், குறைந்தது இரண்டு பேர் அவர் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி முத்திரை வேண்டாம், பதிவுகூட விருப்பம்தான். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாளில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினாலும் செல்லும். ஆனால் அந்த மூன்று கையெழுத்து இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக அச்சடித்தாலும் அது வெறும் காகிதம்.

ஓடிபி தட்டிப் போடும் மின்கையொப்பம் எதற்கெல்லாமோ செல்கிறது, உயிலுக்கு மட்டும் ஏன் செல்லவில்லை என்று தம்பி கேட்டான். 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. எந்தெந்த ஆவணங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் முதல் அட்டவணை சொல்கிறது. அதில் உயிலும் ஒன்று. 2022-இல் அந்த அட்டவணையைத் திருத்தினார்கள். அப்போதும் உயிலை எடுக்கவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2021 டிசம்பரிலிருந்து மின் உயில் செல்லும் என்பது வேறு கதை. இது திருமங்கலம். இங்கே அந்த ஓடிபிக்கும் பச்சை டிக்குக்கும் ஒரு பொருளும் இல்லை. அப்புறம் எதற்கு அதைக் கேட்கிறீர்கள்? கேட்டதால்தானே அவர் கையெழுத்துப் போட்டாயிற்று என்று நம்பினார்!

அச்செடுத்துச் சாட்சிகள் முன் கையெழுத்திட வேண்டும் என்று நீங்கள் சொல்லாமல் இல்லை. சொல்லியிருக்கிறீர்கள், மின்னஞ்சலின் அடியில், ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். பெரியப்பா தினமும் தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிப்பவர். அந்த உயிலே ஆங்கிலத்தில்தான் இருந்தது. உறவு என்ன என்ற இடத்தில் அவளை 'நீஸ்' என்று போட்டிருந்தது. அண்ணன் தம்பி மகளுக்கும் அதே சொல், கொழுந்தியாள் மகளுக்கும் அதே சொல். அவர் அவளை ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. மகள் என்றுதான் சொல்வார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. "ஓராண்டுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர்கள். ஒருவர் முறையாகக் கையெழுத்திட்ட பிறகு அந்தப் பொத்தானை அழுத்தி ஒரு பெயரை மாற்றினால் என்ன ஆகும்? திரையில் புது உயில் இருக்கும். சட்டத்தின் கண்ணில் பீரோவில் உள்ள பழையதுதான் உயில். மாற்றத்துக்கும் அதே கையெழுத்து, அதே இரண்டு சாட்சி வேண்டும். இதைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே எழுதாமல் விடுவது, என்னைக் கேட்டால், மின்கையொப்பத்தைவிடப் பெரிய பொறி.

சாட்சி என்றால் யாரைப் போடுவது என்றும் சொல்லுங்கள். எழுதியவர் போனபின் வழக்கு வந்தால், உயிரோடு இருக்கிற சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும்; பதிவு செய்த உயிலுக்கும் இதே கதிதான். எண்பது வயது நண்பரைவிட நாற்பது வயதுப் பக்கத்து வீட்டுக்காரர் மேல். உயிலால் சொத்துப் பெறப்போகிறவரே சாட்சியாக நிற்காமல் இருப்பது நல்லது. மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் உயிலை ஒப்படைத்து வைக்கவும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. உங்கள் பக்கங்களில் இதை எங்கும் காணோம்.

நான் கேட்பது பெரிதல்ல. பணம் கட்டி முடித்ததும் "தயார்" என்று போடாதீர்கள். "இது இன்னும் உயில் அல்ல" என்று திரை முழுக்க, தமிழில், பெரிய எழுத்தில் போடுங்கள். பத்து நாள் கழித்து ஒரு போன் செய்து "கையெழுத்துப் போட்டாச்சா, சாட்சி ரெண்டு பேர் போட்டாங்களா" என்று கேளுங்கள். பாதியில் விட்ட விண்ணப்பத்தை முடிக்கச் சொல்லிப் பெரியப்பாவுக்கு நான்கு முறை கூப்பிட்டீர்கள். ஐந்தாவது முறை இதற்குக் கூப்பிட்டிருக்கலாம்.

சரி, வீடு என்ன ஆயிற்று? மனைவி, பிள்ளை, தாய், தகப்பன் யாரும் இல்லாததால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உடன்பிறந்தவர்களுக்குப் போயிற்று: என் அப்பா, சித்தப்பா, அத்தை. ஆமாம், உங்கள் தவறால் லாபம் அடைந்த பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். தன் பங்கை அவளுக்கே கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. உயிலில் வந்திருந்தால் முத்திரைத்தீர்வை ஒரு பைசா கிடையாது. இப்போது அப்பா தானமாக எழுதினால், குடும்பத்துக்குள் எழுதும் சலுகை அவளுக்குப் பொருந்தாது. முழுத் தீர்வையும் கட்ட வேண்டும். சித்தப்பா யோசிக்கிறார். அத்தை பேச்சையே எடுக்கவிடுவதில்லை. அவள் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு உசிலம்பட்டிக்குப் போய்விட்டாள்.

லேமினேட் செய்த அந்த ஒன்பது பக்கமும் என்னிடம் இருக்கிறது. உங்கள் பக்கத்தை வடிவமைப்பவர்களிடம் காட்ட வேண்டுமென்றால், கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
திருமங்கலம் பெரியப்பாவின் தம்பி மகள்