மண்டேலாவுக்கு அப்பாலும் சிலர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை உறுதியானதில் மகிழ்ச்சி. மூட்டு வலிக்கு நீயே வைத்தியம் பார்த்துக்கொள்வதில் மகிழ்ச்சியில்லை. நான் நலமாக இருக்கிறேன். ஓய்வு பெற்றால் நிறையப் படிக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நேரம் இருக்கிறது, கண்தான் ஒத்துழைக்க மறுக்கிறது.

கடைசிப் பக்கத்தில் மண்டேலாவைப் பற்றி ஒரு வரி எழுதி என்னைச் சீண்டிவிட்டிருக்கிறாய். இருபத்தேழு வருடம் அடைபட்டுக் கிடந்தும் உடையாத மனிதர் இனிப் பிறக்கப்போவதில்லையாம். இனிப் பிறப்பவர்களை விடு. அதே தென்னாப்பிரிக்காவில், அதே காலத்தில், அவர் சிறையிருந்த அதே ராபன் தீவிலேயே அப்படிப் பலர் இருந்தார்களே! ஒருவரைப் பீடத்தில் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு மற்றவர்களை மறந்துவிடுவது நமக்குக் கைவந்த கலை. அந்த மற்றவர்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்.

முதலில் ராபர்ட் சொபுக்வே. ஜோகன்னஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மொழி கற்பித்தவர். கறுப்பின மக்கள் எங்கே போனாலும் பாஸ் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் உனக்கு நினைவிருக்கும். அந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, ஆயிரக்கணக்கில் காவல் நிலையங்களுக்கு நடந்து போய், கைது செய்யுங்கள் என்று நிற்பதுதான் அவர் வகுத்த திட்டம். வேலையை ராஜினாமா செய்துவிட்டு, 1960 மார்ச் 21 அன்று அவரே ஓர்லாண்டோ காவல் நிலையத்துக்கு நடந்து போனார். அதே நாளில் ஷார்ப்வில்லில் கூடியிருந்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். சொபுக்வேக்கு மூன்று ஆண்டுச் சிறை.

கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1963 மே மாதம் தண்டனை முடிகிறது, ஆனால் விடவில்லை. தண்டனைக் காலம் முடிந்தவரையும் அமைச்சர் விரும்பினால் தொடர்ந்து அடைத்து வைக்கலாம், ஆண்டுக்கு ஒருமுறை நீட்டித்துக்கொள்ளலாம் என்று நாடாளுமன்றத்தில் ஒரு புதுப் பிரிவையே நிறைவேற்றினார்கள். அதற்கு ‘சொபுக்வே பிரிவு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒற்றை மனிதருக்குப் பயந்து ஓர் அரசு சட்டம் எழுதியது என்றால் அந்தப் பயத்தை என்னவென்று சொல்வது!

ஆறு ஆண்டுகள் ராபன் தீவில் ஒரு வீட்டில் தனியே வைத்திருந்தார்கள். சொந்த உடை உடுத்தலாம், புத்தகம் படிக்கலாம், அஞ்சல் வழியில் பட்டம்கூடப் பெறலாம். மற்றக் கைதிகளோடு பேசுவது மட்டும் கூடாது. அவர்கள் வேலைக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் வரிசையாக நடத்திச் செல்லப்படுவார்கள். சொபுக்வே குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, விரலிடுக்கு வழியாக மெல்ல வழியவிடுவார். நாமெல்லாம் இந்த மண்ணின் பிள்ளைகள் என்று அதற்குப் பொருள். அந்த ஜாடையைத் தடுக்க எந்தச் சட்டப் பிரிவு இருக்கிறது?

1969இல் தீவிலிருந்து வெளியே விட்டார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. கிம்பர்லி நகரத்துக்குக் கொண்டுபோய் இரவெல்லாம் வீட்டுக் காவல், ஊர் தாண்டத் தடை. சட்டம் படித்து அங்கேயே வழக்கறிஞரானார். நுரையீரல் புற்றுநோய் வந்தபோது சிகிச்சைக்காக வெளியூர் போகவும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. 1978இல், 53 வயதில் இறந்துபோனார். மண்டேலா தன் பொறுமையின் பலனைக் கண்ணால் கண்டார். இவர் காணவில்லை. காண்போம் என்ற உறுதியும் இவருக்கு யாரும் தந்திருக்கவில்லை. அதனால்தான் என் தராசில் இவர் தட்டு கொஞ்சம் தாழ்கிறது. நீ சண்டைக்கு வருவாய், வா.

மண்டேலா இருந்த பகுதிக்கு வருகிறேன். அங்கே சிறை உணவிலும் நிறம் பார்த்தார்கள். ஆப்பிரிக்கக் கைதிகளுக்கு ரொட்டி கிடையாது, சர்க்கரை குறைவு, அரைக்கால் சட்டை. இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு ரொட்டியும் உண்டு, முழுக்கால் சட்டையும் உண்டு. நாசவேலைக் குற்றச்சாட்டில் மண்டேலா உள்ளிட்டோர் மீது நடந்த ரிவோனியா வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுத் தீவுக்குப் போனவர்களில் இந்தியர் அகமது கத்ராடா ஒருவர்தான். வயதில் எல்லோருக்கும் இளையவர் முழுக்கால் சட்டையோடு நிற்கிறார், பெரியவர்களான மண்டேலாவும் வால்டர் சிசுலுவும் கோவன் ம்பெக்கியும் அரைக்கால் சட்டையோடு நிற்கிறார்கள். கத்ராடாவுக்குக் கூசியது. ஆனால் கிடைப்பதை உதறிவிட்டு எல்லோரும் கீழே இறங்குவதைவிட, எல்லோருக்கும் அதே கிடைக்கப் போராடுவது என்ற பக்கம்தான் நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே உணவு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. கேட்டதையே கேட்டுக்கொண்டு, சலிக்காமல் மனு எழுதி, பட்டினி கிடந்து. மேடையில் பேசுவதற்கு ஏற்ற வீரம் இதில் குறைவு. எனக்கு இதுதான் பெரிதாகப்படுகிறது.

இனி நம்மவர்கள். தில்லையாடி வள்ளியம்மையை நாம் பள்ளியிலேயே படித்தோம். காந்தி அங்கே நடத்திய போராட்டத்தில் சிறைக்குப் போய், காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்த பெண். தம்பி நாயுடுவை அந்த அளவுக்கு நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மொரீஷியஸில் பிறந்து, ஜோகன்னஸ்பர்க் தமிழர்களுக்குத் தலைவராக இருந்தவர். வண்டி வைத்துச் சரக்கு ஏற்றும் தொழிலைக் கவனிக்காமல் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர். 1913இல், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் மீது விதித்திருந்த மூன்று பவுண்டு வரியை எதிர்த்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலையை விட்டு வெளியே வரச் செய்ததில் அவருக்கும், அவரோடு போன தமிழ்ப் பெண்களுக்கும் பெரும் பங்கு உண்டு. மறு ஆண்டு வரி ஒழிந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் போராட்டம் இந்தியர்களுக்காக இந்தியர்கள் நடத்தியது. பக்கத்திலேயே அதைவிட மோசமாக நசுக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. 1947இல்தான் இந்தியர் தலைவர்களான டாக்டர் நாயக்கரும் டாக்டர் தாதூவும் ஆப்பிரிக்கத் தலைவர் டாக்டர் சூமாவோடு கூட்டு உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள்.

தம்பி நாயுடுவின் குடும்பம் அந்த எல்லையையும் தாண்டிப் போனது. மகன் நாராயணசாமியும் மருமகள் மனோன்மணியும் போராட்டக்காரர்கள். பேரன் இந்திரஸ் 1963இல் பிடிபட்டுப் பத்து ஆண்டுகள் ராபன் தீவில் கழித்தார். இந்தியர் என்பதால் அவர் தட்டிலும் அந்த ரொட்டி விழுந்திருக்கும். பேத்தி சாந்தியை 1969இல் காவலில் வைத்து, தூங்கவிடாமல் விசாரித்து, மண்டேலாவின் மனைவி வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூண்டில் ஏற்றினார்கள். சொல்ல மாட்டேன் என்றார். அதற்கும் தனியாகத் தண்டனை கொடுத்தார்கள். தாத்தா தம்பி நாயுடு, காந்தியோடு சிறைக்குப் போனவர், பேத்தி வின்னிக்காகச் சிறையில் இருந்தவர்! சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். இந்த வீட்டில் எழுதிவைத்தது வேறு.

ஆல்பெர்டினா சிசுலுவைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்லாவிட்டால் என் மனைவி என்னைச் சும்மா விடமாட்டாள். “சிறைக்குப் போனவன் தலைவன், வீட்டைத் தாங்கியவள் வெறும் மனைவியா?” என்பது அவளுடைய நிரந்தரக் கேள்வி. நியாயமான கேள்வி. கணவர் வால்டர் 26 ஆண்டுகள் உள்ளே. இவர் நர்ஸ் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். வெளியேதான் இருந்தார் என்று பெயர். கூட்டத்துக்குப் போகக் கூடாது, இவர் சொன்னதைப் பத்திரிகை அச்சிடக் கூடாது என்று தடையாணை மேல் தடையாணை. நடுவில் இவருக்கும் சிறை, தனிக்கொட்டடி. 1983இல் நிறவெறிக்கு எதிரான ஐக்கிய ஜனநாயக முன்னணி தன் தலைவர்களில் ஒருவராக இவரைத் தேர்ந்தெடுத்தபோதும் சிறையில்தான் இருந்தார். 1994இல் புதிய நாடாளுமன்றத்தில் மண்டேலாவின் பெயரை அதிபர் பதவிக்கு முன்மொழிந்தவர் இந்த ஆல்பெர்டினாதான்.

அமெரிக்காவைப் பற்றியும் கேட்டிருந்தாய். மார்ட்டின் லூதர் கிங்கை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் வேலை செய்த ஃபானி லூ ஹேமர் என்ற பெண்ணைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காக அவரை வீட்டைவிட்டே துரத்தினார்கள். அதற்குள் சொபுக்வே விஷயத்தில் உன் எதிர்வாதத்தை எழுதி அனுப்பு. மூட்டுக்கு மருத்துவரைப் பார்த்தாயா என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்