தம்பிக்கு, அந்தப் பொடியன் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. பேஸ்மென்ட் படி இறங்க வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும்தானே. அக்காவின் சின்னவன் நீச்சலில் அடுத்த வகுப்புக்கு ஏறிவிட்டான். ஸ்காபரோவில் இந்த முறை குளிர் முந்திவிட்டது. கல்கரிக்காரர் நீங்கள் இதைக் குளிர் என்றே சொல்ல மாட்டீர்கள்.

எழுத வந்த விஷயம் வேறு. உன்னோடு வேலை செய்த ஒரு பொடியனை ஐப்பசி நடுப்பகுதியில் நிற்பாட்டிவிட்டார்கள் என்று சொன்னாய். எந்தப் பொடியன் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஈஐக்கு, அதுதான் வேலை போனவர்களுக்குத் தரும் காப்புறுதிக் காசுக்கு, போட்டானா என்று கேட்டேன். "அதெல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் அப்பா" என்று சொல்லிவிட்டு ஹொக்கிக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பொடியனின் யோசனைதான். பார்த்துக்கொள்வோம் என்று இருந்தவர்கள் பட்ட பாட்டை நான் கண்டிருக்கிறேன். அதனால் அவனுக்காக இதை எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னைக் கலைத்துக் கலைத்து அனுப்பியது இதற்காவது உதவட்டும். ஆறுதலாக வாசித்து அவனுக்கு இங்கிலிஷில் சொல்லு.

முதலாவது, நாலு கிழமை. கடைசியாக வேலை செய்த நாளில் இருந்து நாலு கிழமைக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் அந்தக் கிழமைகளின் காசு போய்விடலாம். பிந்திப் போட்டாலும் முந்திய திகதியில் போட்டதாகக் கணக்கெடுக்கச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் பிந்திய காலம் முழுவதற்கும் தகுந்த காரணம் காட்டு என்பார்கள். "கெதியில் வேறு வேலை கிடைக்கும் என்று இருந்துவிட்டேன்" என்றால் பெரும்பாலும் எடுபடாது. வெட்கமாக இருந்தது என்று எழுத அங்கே ஒரு கட்டமும் இல்லை. ஐப்பசி நடுப்பகுதி என்றாய். கலண்டரில் எண்ணிப் பார்த்தேன். வருகிற வெள்ளியோடு முடிகிறது.

கொம்பனி ஆர்ஓஈ, அதுதான் வேலை நின்றதற்குக் கொடுக்கிற பத்திரம், அனுப்பவில்லை, அது வரட்டும் என்று இருக்கிறானாக்கும். நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். அது பிழை. ஆர்ஓஈ இல்லாமலே விண்ணப்பிக்கலாம். இப்போது கொம்பனிகள் அதைக் கொம்பியூட்டரில் நேரே ஈஐ பார்க்கிற அரசாங்கக் கந்தோரான சேர்விஸ் கனடாவுக்கு அனுப்பிவிடும். சம்பளக் காலம் முடிந்து ஐந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அனுப்பாவிட்டால் சம்பளத் துண்டுகளைக் காட்டலாம். நிற்பாட்டும்போது கொம்பனி கொடுக்கிற செவரன்ஸ் காசு கிடைத்தது, அது முடியட்டும் என்று காத்திருப்பதும் பிழைதான். காசு தொடங்குவது தள்ளிப்போகலாம். விண்ணப்பம் தள்ளிப்போகக் கூடாது.

ஆர்ஓஈ வந்தவுடன் அவன் பார்க்க வேண்டியது 16ஆம் கட்டம். ஏன் நிற்பாட்டினார்கள் என்பது அங்கேதான் ஓர் இங்கிலிஷ் எழுத்தாக இருக்கும். ஏ என்றால் வேலை குறைவு, கரைச்சல் இல்லை. ஈ என்றால் தானாக விட்டது. எம் என்றால் கொம்பனி வேலையை விட்டுக் கலைத்தது. ஏ வர வேண்டிய இடத்தில் ஈ விழுந்தால் எல்லாம் மாறிப்போகும். தகுந்த காரணம் இல்லாமல் வேலையை விட்டவனுக்கு 1993இல் இருந்து ஒரு சதமும் இல்லை. மரியாதையாக விலகுவதாக ஒரு கடிதம் எழுதித் தா, உன் பெயருக்கு நல்லது என்று மனேச்சர்மார் இனிக்க இனிக்கச் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான் என்று நம்புகிறேன். படித்த பொடியன்தானே.

போன செவ்வாய்க்கிழமை நான் எடுத்தபோது அங்கே பகல் பதினொரு மணி இருக்கும். பின்னால் குக்கர் விசில் அடித்தது. வீட்டிலிருந்து வேலை என்றாய். சரி. ஆவணியில்தான் கிழமைக்கு ஐந்து நாளும் கந்தோருக்கு வரச் சொல்லிவிட்டார்கள் என்று சினந்து சினந்து சொன்னாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ சமைத்துச் சாப்பிடுகிறாய் என்பது நல்ல விஷயம்தான்.

1990களின் தொடக்கத்தில் இங்கே தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. எங்கள் அப்பாட்மென்டில் கதவுக்குக் கதவு வேலை போனவர்கள். அப்போது இந்தக் காசுக்கு யூஐ என்று பெயர். ஈஐ ஆனது 1996இல். இரண்டு கிழமைக்கு ஒருமுறை காட் வரும். அதை நிரப்பித் தபாலில் போட்டால்தான் செக் வரும். எனக்குக் கொஞ்சம் இங்கிலிஷ் தெரியும் என்று எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆட்கள். ஈரச் சப்பாத்துகள் வாசலில் குவிந்து கிடக்கும். நீ மேசைக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருப்பாய். அம்மா தேத்தண்ணி ஊற்றியே களைத்துவிடுவாள். "இந்தக் கிழமை வேலை செய்தீரா, வேலைக்குத் தயாராக இருந்தீரா" என்று நான் ஒவ்வொருவரையும் கேட்பேன். ஏதோ நானே அரசாங்கம் என்பது போல் எழும்பி நின்று பதில் சொன்னவர்களும் உண்டு. பாதிக் கட்டடத்துக்குப் படிவம் நிரப்பியவனின் சொந்த வீட்டில் இதுவரை ஒருவரும் ஒரு படிவமும் கொண்டுவரவில்லை. தேவை வரவில்லை என்று பெருமையாகத்தான் இருந்தேன். தேவை வந்தும் கொண்டுவராவிட்டால் அது வேறு கதை.

கொழும்பு அத்தானுக்கு வேலை போனதும் அந்த நாட்களில்தான். மாமி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று அவர் என்னிடமும் வரவில்லை, யூஐ கந்தோருக்கும் போகவில்லை. அவருடைய அந்த நீல வான் வண்டி பிறகு என்ன ஆனது, ஏன் அவர்கள் அக்காவின் சாமத்தியச் சடங்குக்கு வரவில்லை என்பதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. அதை நான் திரும்ப எழுதத் தேவையில்லை.

அந்தப் பொடியனுக்கு ஒன்றைச் சொல்லு. இது அரசாங்கம் கொடுக்கிற வெல்ஃபேர் உதவிக் காசு இல்லை. வெல்ஃபேர் எடுப்பதிலும் குற்றம் இல்லை, ஆனால் இது அதுவே இல்லை. 1990க்குப் பிறகு ஈஐயில் அரசாங்கம் தன் பங்கு என்று எதுவும் போடுவதில்லை. தொழிலாளி கட்டுவது ஒரு பங்கு, முதலாளி கட்டுவது அதைப்போல 1.4 மடங்கு. 2025இல் ஒரு தொழிலாளி ஆகக் கூடுதலாகக் கட்டியது 1,077 டொலர் 48 சதம். வரிக்காகக் கொம்பனி கொடுக்கிற அவனுடைய டீ4 துண்டில் 18ஆம் பெட்டியில் வருசா வருசம் கிடக்கும், எடுத்துப் பார்க்கட்டும். காருக்குக் காப்புறுதி கட்டுகிறான், இடிபட்டால் காசு கேட்க மாட்டானா? சம்பளத்தில் 55 வீதம் தருவார்கள். 2025இல் ஆகக் கூடியது கிழமைக்கு 695 டொலர், அதிலும் வரி பிடிப்பார்கள். வழக்கமாக முதல் கிழமைக்குக் காசில்லை. அவனுடைய சம்பளத்துக்கு இது காணாது, எனக்கும் தெரியும். ஆனால் மோர்ட்கேஜில் ஒரு துண்டாவது போகும்.

போட்டபிறகு வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். அதில் ரிப்போர்ட் கொடுக்கத் தேவையான நாலு இலக்க அக்சஸ் கோட் இருக்கும். குப்பைக் கடிதம் என்று எறிந்துவிடக் கூடாது. உன் தபால்பெட்டியை நீ எத்தனை நாளைக்கு ஒருமுறை திறப்பாய் என்பது எனக்குத் தெரியும். முடிவு வரட்டும் என்று இராமல் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். ஊபர் ஓடினாலும் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு டொலருக்கு ஐம்பது சதம் அளவில்தான் கழிப்பார்கள், சொல்லாவிட்டால் பிறகு தண்டம். எந்த எந்தக் கொம்பனிக்கு விண்ணப்பித்தான் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும்.

விண்ணப்பித்து 28 நாளாகியும் அசைவில்லை என்றால் விசாரிக்க வேண்டும். இலக்கம் 1-800-206-7218. திங்கட்கிழமை காலமை எடுக்காதே, நாடு முழுவதும் அப்போதுதான் எடுக்கும். புதன், வியாழன் பார். எட்டரைக்குத் திறந்த கையோடு எடு. மெசின் கதைத்துக்கொண்டே போகும். பூச்சியத்தை அமத்தினால் ஆளிடம் போகும். சனம் கூடினால் பிறகு எடுங்கள் என்று வெட்டுப்படும். கோபப்படாமல் திரும்ப எடு. சின் என்கிற சமூகக் காப்புறுதி இலக்கம், கடைசி வேலை நாள், கொம்பனியின் பெயர் எல்லாம் முன்னால் இருக்கட்டும். ஆள் வந்தால் பெயரைக் கேட்டு, திகதியோடு எழுதி வை. "என் கோப்பில் என்ன குறைகிறது?" என்று மட்டும் கேள். ஏன் பிந்துகிறது என்று கேட்டால் மன்னிப்புத்தான் கிடைக்கும், பதில் கிடைக்காது.

அவன் எடுக்கட்டும் என்று எழுத வந்தேன். நீ எடு என்று எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை, அப்படியே இருக்கட்டும்.

போனில் சரிவராவிட்டால் நேரே சேர்விஸ் கனடா கந்தோருக்குப் போ. அங்கே இருப்பவர்களால் முடிவு எடுக்க முடியாது. கோப்பைத் திறந்து எந்தத் துண்டு குறைகிறது என்று பார்த்துச் சொல்வார்கள், முடிவு எடுப்பவர் உனக்கு எடுக்கும்படி எழுதியும் போடுவார்கள். அதுக்கும் அசையாவிட்டால் உன் தொகுதி எம்பியின் கந்தோர். இது பலருக்குத் தெரியாத வழி. அவர்களுக்கு உள்ளே கேட்க வேறு தொடர்பு இருக்கிறது. ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைத்தால் போதும், நீ அவருக்கு வாக்குப் போட்டாயா என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. இல்லை என்று கடிதம் வந்தாலும் அதோடு முடிந்ததில்லை. முடிவு கிடைத்து 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்கு மேல் தீர்ப்பாயமும் இருக்கிறது.

தை மாதம் சின்ன மாமியின் மகளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் வருவதாகச் சொன்னாய். டிக்கெட் போட்டுவிட்டாயா? கனடாவுக்கு வெளியே போனாயா என்று ரிப்போர்ட்டில் கேட்பார்கள். கலியாணம் பார்க்கப் போகிற நாட்களுக்குக் காசில்லை, சொல்லாமல் போனால் பிடிபடும். மாமிக்கு நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னால் நம்புவாள். உன் வேலையைப் பற்றி நான் சொன்ன பெருமை எல்லாம் கேட்டவள்தானே.

இந்த மாதமும் முதலாம் திகதி அம்மாவின் கணக்கில் வழமைபோல் ஐந்நூறு டொலர் விழுந்திருக்கிறது. போன வருசம் கூரை போட்டுத் தந்ததும் நீதான், அதை இந்தத் தெருவில் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் இப்படி ஒரு பிள்ளை இந்த நேரத்திலும் நாள் தவறாமல் அனுப்பினால் அதைப் பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று நீ யோசித்தாயா? அந்தக் காசை நாங்கள் தொடவில்லை. தேவையென்றால் ஒரு சொல் போதும், திருப்பிப் போட்டுவிடுவேன். அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் குக்கர் சத்தம் கேட்டவள்தான், ஆனால் என்னிடம் கேட்கவில்லை. வெள்ளிக்குள் போட வேண்டும் என்பதை மறக்காதே. கொம்பியூட்டரில் ஒரு மணித்தியால வேலை. ஆர்ஓஈ வரவில்லை என்று இருக்காதே.

விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கு எடு. விளங்காத கேள்வியை வாசித்துச் சொல்லு. உங்கள் நேரம் எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நான் நித்திரை கொள்ளுவது பிந்தித்தான். வீட்டு இலக்கத்துக்கு எடுக்காதே, என் செல்லுக்கு எடு.

இப்படிக்கு,
அப்பா