மீன்தலைக் கறிக்கு ஏது பாட்டி?

அன்பு மகளுக்கு,

மெல்பர்னில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே வேலை பார்த்துக்கொண்டே சிங்கப்பூரில் இருக்கும் நம் மசாலாக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் நடத்துகிறாய். படங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேப்ஷனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொன்னால் "அப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய்.

மீன்தலைக் கறிப் பொடிக்கு 'பாட்டி காலத்துக் கிராமத்துச் செய்முறை' என்று போட்டிருக்கிறாயே, எந்தப் பாட்டி? அந்தக் கறி பிறந்ததே சிங்கப்பூரில். 1949 வாக்கில் கோமஸ் என்ற மலையாளி தன் உணவுக்கடையில் தொடங்கியது என்பார்கள். சீனர்கள் மீன்தலையை விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து, நம் குழம்பில் அதைப் போட்டாராம். இதைவிட நல்ல கேப்ஷன் எங்கே கிடைக்கும்? இதை விட்டுவிட்டு, ஊரில் எல்லா மசாலா பாக்கெட்டிலும் உட்கார்ந்திருக்கும் பாட்டியை நாமும் எதற்குக் கூப்பிட வேண்டும்?

இங்கே லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தையில் அரைத்த மசாலா விற்பவர்களைக் கவனித்திருப்பாய். என்ன மீன், எத்தனை பேருக்கு, காரம் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுப்பார்கள். நம் கடையில் அதே கேள்விகள் வாங்குகிறவர்களிடமிருந்து வருகின்றன. ஒரு கிலோ மீனுக்கு எவ்வளவு பொடி? பூண்டு சேர்த்ததா? பிள்ளைகள் சாப்பிடுவார்களா? நீ கேப்ஷனில் எழுதும் 'சுவையின் சங்கமம்' எது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அதனால் இப்படி எழுதிப் பார்: "ஒரு மீன்தலை, நான்கு பேர், மூன்று மேசைக்கரண்டி பொடி. புளியை மட்டும் நீங்கள் கரையுங்கள்." இது முதல் வரியிலேயே வரட்டும். இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து வரை எழுதலாம் என்றாலும், ஏறக்குறைய 125 எழுத்தோடு மடித்துவிடுகிறார்கள். மிச்சத்தை விரித்துப் படிக்கிறவர் குறைவு. நாம் ஒரே எழுத்தாக எழுதுகிற 'மீ' கணினிக்கு இரண்டு. தமிழில் இடம் இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒரு பதிவுக்கு ஒரு பொடி போதும். ரசப்பொடி, சாம்பார்ப் பொடி, தள்ளுபடி எல்லாவற்றையும் ஒன்றாகத் திணிக்காதே.

கீழே ஆங்கிலத்திலும் இரண்டு வரி போடு, ஆனால் தமிழை அப்படியே மொழிபெயர்க்க வேண்டாம். நம் சீன வாடிக்கையாளர்கள் கேட்பது வேறு: தேங்காய்ப்பாலை எப்போது ஊற்றுவது, வெண்டைக்காயை எப்போது போடுவது.

மஞ்சள் தூளுக்குச் 'சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்' என்று எழுதியிருப்பதை இன்றே எடுத்துவிடு. உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும் குணம் சொல்லி விற்க இங்கே சட்டம் இடம் தராது. 'ஹலால்' என்ற சொல்லிலும் கவனம். இங்கே ஹலால் சான்றிதழ் தரும் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் சான்றிதழ் கைக்கு வரும்வரை அந்தச் சொல்லைத் தொடாதே. யாராவது கேட்டால் என்னென்ன சேர்த்திருக்கிறோம் என்று சொல்வோம். சமையல் வீடியோ போடும் பெண்ணுக்குப் பொடிகளை இலவசமாக அனுப்பினோம் அல்லவா? அதை அவர் பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016-ல் சமூக ஊடகத்துக்கென்று வெளியிட்ட வழிகாட்டியில் இது இருக்கிறது. கூச்சப்படாமல் கேட்டுவிடு.

அப்புறம் தீபாவளி. 'ஒளிமயமான வாழ்த்துகள்' சிராங்கூன் சாலை முழுக்கத் தொங்கும், நம் பங்குக்கு ஒன்று வேண்டாம். ஆர்டருக்குக் கடைசி நாள் எது, தீபாவளிக்கு முந்தின இரவு கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும், இந்த இரண்டையும் போடு. மூடும் நேரத்தை அம்மாவிடம் கேட்டேன். அவள் 10 மணி என்கிறாள், நான் நள்ளிரவு என்கிறேன். நீ 10 என்றே எழுதி வை.

அன்புடன்,
அப்பா